முகராமல் எழுதிய குறிப்புகள்

போன மாதம் எங்கள் பழைய ஹோட்டலிலிருந்து பிரகாஷ் போன் செய்தான். அங்கே ஒயின் அறைக்கு இப்போது அவன்தான் பொறுப்பு. மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்கு வரும் ஒயின் பெட்டிகளுக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை வைத்து அனுப்புகிறார்களாம். கப்பலில் எந்த மணிக்கு எவ்வளவு சூடு ஏறியது என்று அது சொல்லிவிடுமாம். "இதெல்லாம் இல்லாம நீங்க எப்படி அங்கிள் கண்டுபிடிச்சீங்க? புதுசா சேர்ந்தவங்களுக்குக் காட்டணும், கொஞ்சம் எழுதிக் குடுங்க" என்றான். எழுதுகிறேன். ஆனால் அவன் எதிர்பார்ப்பது வேறு, நான் எழுதப் போவது வேறு. படித்த பிறகு யாருக்குக் காட்டுவது என்று அவனே முடிவு செய்துகொள்ளட்டும்.

என் அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்து கட்டட வேலை பார்த்தவர். கராச்சர்மாவில் வீடு. நான் போர்ட் பிளேயரிலேயே படித்து, கடலோரத்து ஹோட்டல் ஒன்றில் தட்டெடுக்கச் சேர்ந்து, பரிமாறுபவனாகி, ஹோட்டல் செலவில் ஒரு வருடம் மும்பையில் பயிற்சி பெற்று, நாற்பத்து நான்காம் வயதில் ஒயின் அறைக்குள் நுழைந்தேன். வந்து சேரும் பாட்டில்களில் எது விருந்தாளி முன்னால் போகலாம், எது போகக்கூடாது என்று சுவைத்துச் சொல்வதுதான் வேலை. சுவைத்ததைத் துப்பிவிட வேண்டும். அத்தனை வருடத்தில் ஒரு முழு கிளாஸ் நான் குடித்ததில்லை. சொந்தக்காரர்கள் இதை நம்பினால்தானே? கல்யாண வீடுகளில் "தண்ணி டிபார்ட்மெண்ட் வந்தாச்சு" என்றுதான் என்னை வரவேற்பார்கள்.

எத்தனையோ நாட்டு ஒயின்கள் வரும். ஆனால் எங்களைப் பயமுறுத்தியது பர்கண்டி சிவப்பு ஒன்றுதான். பர்கண்டி பிரான்சில் ஒரு பகுதி. அங்கே சிவப்புக்கு ஒரே வகைத் திராட்சைதான். ஆனால் ஊருக்கு ஊர், ஏன், ஒரே ஊரில் இந்தத் தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக்குமே ஒயின் மாறிவிடும். நிறம் வெளுப்பு. கிளாஸுக்குப் பின்னால் விரலை வைத்தால் நகம் தெரியும். தெரியாதவன் பார்த்தால் தண்ணீர் கலந்துவிட்டார்கள் என்பான். அதன் மதிப்பெல்லாம் வாசனையில் இருக்கிறது. இளசாக இருந்தால் செர்ரி, ரோஜா. வயதாக வயதாக மழையில் நனைந்த சருகு, காளான், பழைய தோல் பை. சூடு பட்டால் அத்தனையும் போய்விடும். சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நான்கு நாள், துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் கடலில் நின்றால் இன்னும் இரண்டு நாள். குளிரூட்டிய கன்டெய்னரில்தான் வரும். அந்த கன்டெய்னருக்கு நடுவழியில் கரண்ட் நின்றதா என்று நமக்கு யாரும் சொல்லப் போவதில்லை. பாட்டிலைத் திறந்து நாமே தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

ஒயின் அறைக்குத் தலைவர் சேவியர் சார். பூர்விகம் தூத்துக்குடி, வீடு மரைன் ஹில். என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. திட்டுகிற அதிகாரியிடம் வேலை பார்ப்பது சுலபம், திட்டி முடித்தால் முடிந்தது. இவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நம்மைப் பார்ப்பார். அவ்வளவுதான்.

சுவைக்கிற நாளில் சோப்பு வாசனை கூடாது, தலையில் எண்ணெய் கூடாது, காபி கூடாது. மதியம் தயிர்சாதம் மட்டும். துடைக்க வரும் சரசக்கா மல்லிகைப் பூவை வெளியே ஜன்னலில் வைத்துவிட்டுத்தான் அறைக்குள் வரவேண்டும். கிளாஸ்களைச் சமையல்கட்டில் கழுவினால் மீன் பொரித்த வாடை ஏறும் என்று சாரே வெந்நீரில் கழுவிக் கவிழ்ப்பார்.

சேர்ந்த முதல் மழைக்காலத்தில் ஒரு பாட்டிலை நல்லது என்று சொல்லிவிட்டேன். அவர் கிளாஸை ஒருமுறை மூக்கருகே கொண்டுபோய்க் கீழே வைத்தார். பார்த்தார். கார்க்கில் பூஞ்சை பிடித்துக் கெட்ட பாட்டில் அது. ஈரச் சாக்கு வாடை அடிக்கும். உலகத்தில் எந்த ஒயின்காரனும் முதலில் கண்டுபிடிக்கும் குறை அதுதான். எனக்குத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்று அவரே யோசித்துச் சொன்னார். "ஜூன் மாசம் உங்க பீரோ இந்த வாடைதான் அடிக்கும். தலகாணி, சட்டை, பஸ் சீட்டு, எல்லாம் இதே வாடைதான். நம்ம ஊர்க்காரன் மூக்குக்கு இது வாடையே இல்ல செல்வராஜ். அதான் தப்பு பண்ணிட்டீங்க." அன்றிலிருந்து சுவைப்பதற்கு முன் பத்து நிமிடம் மொட்டை மாடியில் கடல்காற்றைப் பார்த்து நிற்கவேண்டும் என்று ஒரு விதி வந்தது. வெயிலோ மழையோ, இருவரும் போய் நிற்போம்.

பாட்டிலை முந்தின நாளே நிமிர்த்தி வைத்து, அடியில் வண்டல் படிய விடுவோம். ஒருவர் திறக்க, மற்றவர் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பார். கார்க்கைப் பார்த்துவிட்டால் மனசு முன்கூட்டியே தீர்ப்பு சொல்லிவிடும் என்பது சாரின் கணக்கு. இரண்டு விரல் அளவு ஊற்றி, வெள்ளைத் துணிக்கு மேல் கிளாஸைச் சாய்த்து நிறம் பார்ப்போம். ஆட்டாமல் ஒருமுறை முகர்ந்து, சுழற்றி மறுமுறை முகர்ந்து, ஒரு வாய் எடுத்து, பல்லிடுக்கில் காற்றை உள்ளே இழுத்துவிட்டுத் துப்புவோம். பிறகு பேசாமல் ஆளுக்கொரு தாளில் எழுதுவோம். கடைசி வரியில் 'பரிமாறலாம்' அல்லது 'பரிமாறக் கூடாது'. எழுதிய பிறகே தாள்களை மாற்றிக்கொள்வோம். அந்த முதல் தப்புக்குப் பிறகு, பதினொரு வருடத்தில் எங்கள் கடைசி வரி ஒருமுறைகூட மாறுபட்டதில்லை. அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. ஊருக்கெல்லாம் வந்தது, எங்கள் இருவருக்கும் வந்தது. சாருக்குப் பத்து நாள் வாசனை தெரியாமல் இருந்து திரும்பி வந்தது. எனக்குப் போனது போனதுதான்.

ஹோட்டல் மூடிக் கிடந்தவரை பெரிதாகத் தெரியவில்லை. வந்துவிடும், வந்துவிடும் என்று இருந்தேன். காலையில் எழுந்ததும் காபிப் பொடி டப்பாவில் மூக்கை விடுவேன். ஒன்றும் இல்லை. சூடத்தைக் கசக்கி முகர்வேன். ஒன்றும் இல்லை. அபர்டீன் பஜாரில் கருவாட்டுக் கடை முன்னால் வேண்டுமென்றே போய் நிற்பேன். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிற இடத்தில் கண்ணீர் வருகிற மாதிரி நான் ஒருவன் மூச்சை இழுத்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் "க்யா சாச்சா, என்ன வேணும்?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு மூன்றாவது தடவை சந்தேகமாகப் பார்த்தார்.

ஒருநாள் சமையலறையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. அடுப்பு ஏன் எரியவில்லை என்று எழுந்து தீப்பெட்டியை எடுத்தேன். குளித்துக்கொண்டிருந்த என் மனைவி கமலா ஈரத் துணியோடு ஓடிவந்து என் கையில் ஓங்கி அடித்தாள். தீப்பெட்டி தெறித்து விழுந்தது. வீடு முழுக்க கேஸ். ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு அவள் கேட்டாள்.

"ஏங்க, உங்களுக்கு வாடையே தெரியலையா?"

"லேசா தெரியுது."

"பொய் சொல்லாதீங்க. நாம ரெண்டு பேரும் போயிருப்போம். ஆபீஸ்ல சொல்லிருங்க. வேற வேலை குடுக்கட்டும்."

நான் சொல்லவில்லை. ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. மகள் மங்களூரில் நர்சிங் கடைசி வருடம். மூக்குப் போன ஒயின்காரனை எந்த ஹோட்டல் வைத்துக்கொள்ளும்? அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. சேவியர் சார் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

ஹோட்டல் திறந்ததும் நடிக்கத் தொடங்கினேன். நாக்கு மிச்சமிருந்தது, புளிப்பும் துவர்ப்பும் தெரிந்தன. கண் இருந்தது. பாட்டிலின் மேல் ஊர்ப் பெயரும் வருடமும் இருந்தன. என் பழைய நோட்டுகளில் அந்தந்த ஊர் ஒயினுக்கு நான் எழுதிய குறிப்புகள் இருந்தன. முந்தின நாள் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்துக்கொண்டு போவேன். மொட்டை மாடியில் சாரோடு நின்று, வராத வாசனைக்காக மூச்சை இழுப்பேன். அறைக்கு வந்து, கண்ணை மூடி முகர்ந்து, 'செர்ரி, நனைந்த சருகு, கொஞ்சம் கிராம்பு' என்று எழுதுவேன். நாலு மாதம் அப்படியே போனது. வந்த பாட்டில்களெல்லாம் நல்லவையாக இருந்ததால் தப்பித்தேன். ஒவ்வொரு முறையும் தாளை நீட்டும்போது கை வேர்த்து மை கலங்கும். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்று பிழைத்தேன், இன்று பிழைத்தேன் என்று சொல்லிக்கொள்வேன்.

ஐந்தாம் மாதம் ஒரு வியாழக்கிழமை. கல்கத்தாவிலிருந்து ஒரு டாக்டரம்மா, எழுபது வயதிருக்கும், சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு பேருக்கு விருந்து கேட்டிருந்தார். அதற்கென்று வரவழைத்த வயதான பர்கண்டி எட்டு பாட்டில். கப்பல் இரண்டு நாள் வெளியே நின்றுதான் வந்தது. ஒரு பாட்டிலைச் சார் திறந்தார். நான் திரும்பி நின்றேன். ஊற்றினார். நிறம் பார்த்தேன், விளிம்பில் செங்கல் நிறம், அந்த வயதுக்கு அது சரிதான். நாக்கில் வைத்தபோது கொஞ்சம் தட்டையாக இருந்த மாதிரி தோன்றியது. என்னவோ இடறியது. ஆனால் இடறியதை எழுத எனக்குத் தைரியமில்லை. மனப்பாடம் செய்து வைத்திருந்ததை எழுதினேன். காய்ந்த ரோஜா, காளான், நனைந்த சருகு. பரிமாறலாம்.

தாள்களை மாற்றிக்கொண்டோம். அவர் தாளில் ஒரே வரி: 'சூட்டில் வெந்துவிட்டது. காய்ச்சிய ஜாம். பரிமாறக் கூடாது.'

அவர் என் தாளை நெடுநேரம் பார்த்தார். பிறகு கிளாஸை எடுத்து மறுபடி முகர்ந்தார். "உங்களுக்கு ஜாம் வரலையா?" என்றார். "வரலை சார்" என்றேன். அதுமட்டும் உண்மை. கார்க்கைக் காட்டினார். ஒரு பக்கம் மெல்லிய ஒயின் கோடு, பாதி வரை. சூட்டில் ஒயின் விரிந்து ஏறியதாலும் இருக்கலாம், வயதான கார்க் என்பதாலும் இருக்கலாம்.

கருத்து மாறினால் இரண்டாவது பாட்டிலைத் திறக்கவேண்டும் என்பது விதி. மேனேஜரிடம் போனோம். டெல்லிக்காரர், முப்பது வயது, கெட்டவர் இல்லை. பன்னிரண்டு பேருக்கு ஏழு பாட்டில்தான் மிச்சம், இன்னொன்றைத் திறக்கமுடியாது என்று இந்தியில் கறாராகச் சொல்லிவிட்டார். பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காய்ச்சல் வந்தபோது யாருக்கு மூக்குப் போனது என்று கேட்டார்.

"எனக்குப் போச்சு" என்றார் சேவியர் சார். "பத்து நாள். அப்புறம் வந்துருச்சு."

"செல்வராஜ் ஜி, ஆப்கா?" உங்களுக்கு எப்படி என்று என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஒண்ணும் ஆகலை சார்" என்றேன்.

இதை எழுதும்போதுகூட எனக்குக் கூசுகிறது. மேனேஜர் சேவியர் சாரைப் பார்த்த விதத்தில் எல்லாம் இருந்தது. சாரும் அதைப் பார்த்துவிட்டார். படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அதுவரை அவர் கைப்பிடியைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு ஒயின் அறைக்குப் போனேன். மேசை மேல் பத்து சின்னக் கப்புகள். கிராம்பு, ஏலக்காய், மிளகு, காபி, எலுமிச்சைத் தோல், ஈர மண், மண்ணெண்ணெய் நனைத்த பஞ்சு, இன்னும் என்னென்னவோ. சார் கண்ணில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"செல்வராஜா? வாங்க, வாங்க. ஒரு உதவி பண்ணுங்க. ஒவ்வொண்ணா எடுத்துக் குடுங்க. நான் சொல்றேன், சரியா தப்பான்னு நீங்க பாருங்க."

நான் எடுத்துக் கொடுத்தேன். வேறென்ன செய்வது? இல்லை, வேறு என்ன செய்திருக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். செய்யவில்லை.

"கிராம்பு."

"சரி சார்."

"இது மண்ணு. மழைத்தண்ணி ஊத்தின மண்ணு."

"சரி சார்."

"ஏலக்காய். பச்சை இல்ல, வெளுத்தது."

"சரி சார்."

பத்தும் சரி. கைக்குட்டையை அவிழ்த்தார். முகத்தில் நிம்மதி வரும் என்று பார்த்தேன். வரவில்லை. "இதெல்லாம் யாருக்கும் தெரியும். ஒயின் வேற" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். அந்தப் பழைய பார்வை இல்லை. பயந்த மனிதரின் பார்வை. நாலு மாதமாகக் கண்ணாடியில் நான் பார்த்துக்கொண்டிருந்த அதே பார்வை.

"இல்லாத ஜாம் வாசனை எனக்கு வருதோ? அந்தக் காய்ச்சல் வந்தவங்க சில பேருக்கு அப்படித்தானாம், ஒண்ணு இன்னொண்ணா தெரியுமாம். மகன் போன்ல படிச்சுக் காட்டினான். பதினோரு வருஷமா நமக்குள்ள மாறினதே இல்ல. இப்ப மாறுதுன்னா, உங்க மூக்கு மாறலை செல்வராஜ். என்னோடதுதான்."

"சார், அப்படியெல்லாம்..." என்று ஆரம்பித்தேன். உண்மை நாக்கு வரைக்கும் வந்தது. மகள் முகமும் வந்தது. "அப்படியெல்லாம் நினைக்காதீங்க சார்" என்று முடித்தேன்.

அவர் தன் தாளில் இருந்ததை அடித்துவிட்டு, என் தாளில் என் கையெழுத்துக்குக் கீழே அவரும் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை விருந்தில் சார்தான் ஊற்றினார். டாக்டரம்மா கிளாஸை எடுத்து முகர்ந்தார். வாயில் வைக்கவே இல்லை. மெல்லக் கீழே வைத்து, கிளாஸின் வாயை உள்ளங்கையால் மூடினார், ஏதோ அடிபட்டதை மறைக்கிற மாதிரி. யாரையும் சங்கடப்படுத்தாமல், இதற்குப் பதில் வெள்ளை ஒயின் கிடைக்குமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். மேனேஜர் ஓடிவந்தார். நான் சுவரோரம் ஐஸ் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சேவியர் சார் நேராகப் போய் அந்த அம்மா முன்னால் நின்று, "மன்னிக்கணும் மேடம். நான் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பாட்டில். தப்பு என்னுது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். என் பெயரை எடுக்கவில்லை.

அந்தத் தாளில் இரண்டு கையெழுத்து இருந்தது. ஆனால் மேனேஜருக்கு ஒன்றுதான் கண்ணில் பட்டது. காய்ச்சலில் மூக்குப் போனதாக ஒத்துக்கொண்டவர் ஒருவர்தானே. அன்று சாயங்காலமே, திங்கட்கிழமையிலிருந்து சுவைக்கிற பொறுப்பு முழுக்க எனக்கு, சேவியர் ஜி பில்களைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். சார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்லா பாத்துக்கிடுங்க" என்றார். அவர் கை சில்லிட்டிருந்தது.

கமலாவிடம் சொன்னேன். அவள் ஒன்றும் திட்டவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, "அந்த மனுஷன் இன்னிக்குச் சாப்பிட்டிருப்பாரா?" என்று மட்டும் கேட்டாள்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலையைவிட்டு அனுப்பவில்லை, படுக்கை விரிப்பு, துண்டு வைக்கிற ஸ்டோருக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். சேவியர் சார் பழைய இடத்துக்குத் திரும்பினார். இதெல்லாம் நடந்து முடிந்த விஷயம். ஆனால் அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, மரைன் ஹில்லில் அவர் வீட்டில் நடந்தது எனக்கு இன்னும் முடியவில்லை.

மாதா கோயிலுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. மூன்று நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. என்னை உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன். காய்ச்சல், கேஸ், நோட்டு, நாலு மாதக் குறிப்புகள், எல்லாம். முகராமலே எழுதினேன் சார் என்று சொல்லி முடித்தபோது, அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அப்ப அந்த பாட்டில் நெசமாவே வெந்துதான் போயிருந்துச்சா?"

"ஆமா சார்."

"அப்ப என் மூக்கு?"

"உங்க மூக்குக்கு ஒண்ணும் இல்லை சார்."

"ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்லை சார்."

"ஸ்டெல்லா!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். "ஸ்டெல்லா, என் மூக்கு நல்லா இருக்கு! எனக்கு ஒண்ணும் இல்லையாம்!" அவர் மனைவி இரண்டு கப் டீயைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு பதறி ஓடிவந்தார். சார் ஒரு கப்பை எடுத்து முகத்தருகே வைத்துக்கொண்டார். "இஞ்சி. ரெண்டு ஏலக்காய். பால் கொஞ்சம் அடிபிடிச்சிருக்கு" என்றார். சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். தட்டைப் பிடித்தபடி அந்த அம்மாவும் அழுதார்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மூணு நாளா நான் தூங்கலை. நான் இனிமே ஒண்ணுத்துக்கும் ஆகமாட்டேன்னு முடிவே பண்ணிட்டேன். நீங்க பக்கத்துல நின்னு ஒவ்வொரு கப்பா எடுத்துக் குடுத்தீங்க செல்வராஜ்."

தட்டில் இன்னொரு கப் இருந்தது. அதை என்னிடம் கொடுக்க அந்த அம்மா கையை நீட்டினார். சார் தட்டை வாங்கி மேசை மேல் வைத்துவிட்டு, எழுந்துபோய் எனக்காகக் கதவைத் திறந்தார்.